திரைக்குப் பின்னால் இருக்கும் பதிவேடு: உள்ளூராட்சி ஒன்லைன் சேவை உண்மையில் எப்படி இயங்குகிறது?

ஜனவரி பிறந்தால் என் பெரியம்மாவுக்கு ஒரு வேலை நிச்சயம். மாநகர சபை வீட்டுக்கு அறவிடும் சோலை வரியின் கடிதத்தை எடுத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தொகையை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "31ஆம் திகதிக்கு முன்னம் கட்டவேணும்" என்று வீட்டில் எல்லோருக்கும் ஞாபகப்படுத்துவார். முழு வருட வரியையும் ஜனவரி 31க்குள் கட்டினால் நூற்றுக்குப் பத்துக் கழிவு. அந்தக் கழிவை அவர் ஒரு வருடமும் தவறவிட்டதில்லை.

ஒரு தடவை நான் அதைப் போனிலேயே கட்டிக் கொடுத்தேன். மொத்தமாக இரண்டு நிமிடம்கூட எடுக்கவில்லை. "அப்ப இனிமேல் சபைக்குப் போகவே தேவையில்லையா மகன்?" என்று கேட்டார். "எல்லாம் ஒன்லைன்தானே பெரியம்மா" என்றேன்.

நான் சொன்னது பாதிதான் சரி. பெரியப்பா இறந்து சில வருடங்கள் ஆகியும் வரிக் கடிதம் அவர் பெயருக்கே வந்துகொண்டிருந்தது. பெயரை மாற்றலாம் என்று போனால், வீட்டின் உரிமையைக் காட்டும் உறுதியின் பிரதி, மரணச் சான்றிதழ் எல்லாவற்றோடும் பெரியம்மாவே நேரில் கந்தோருக்குப் போக வேண்டியதாயிற்று. காசு கட்ட இரண்டு நிமிடம், பெயர் மாற்றப் பல நாள். ஒரே சபை, ஒரே வீடு, ஒரே வரி. ஏன் ஒன்று இலகுவாகவும் மற்றது அவ்வளவு கஷ்டமாகவும் இருக்கிறது?

"எல்லாம் ஒன்லைனில் இருக்கிறது" என்றும் "ஒன்லைன் எல்லாம் சும்மா பேச்சு" என்றும் கொழும்பில் இரண்டு விதமாகவும் சொல்லக் கேட்கிறேன். இரண்டுமே தவறு. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் எதை எதிர்பார்க்கலாம், எதைக் கேட்டு வாங்கலாம் என்பது நமக்கே விளங்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கணினிப் படிப்பு எதுவும் தேவையில்லை.

முதலில், இது யாருடைய வேலை?

நாம் எல்லாவற்றையும் "கவர்மென்ட் வேலை" என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். ஒன்லைன் என்று வந்தவுடன் இந்தப் பழக்கம் நம்மை நன்றாக அலைக்கழிக்கிறது. பிறப்புச் சான்றிதழை மாநகர சபையின் இணையத்தளத்தில் தேடி அலுத்துப்போனவர்களை எனக்குத் தெரியும். அது அங்கே கிடைக்காது.

உள்ளூராட்சி மன்றம் என்றால், நாம் வாக்களித்துத் தெரிவுசெய்யும் உறுப்பினர்களைக் கொண்டு ஓர் ஊரையோ நகரத்தையோ நடத்தும் சபை. இலங்கையில் இது மூன்று வகை: மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை. 1865ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் உருவான கொழும்பு மாநகர சபை இவற்றில் மிகப் பழையவற்றுள் ஒன்று. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை, மட்டக்குளி எல்லாம் அதற்குள் வருகின்றன. காலி வீதியால் வெள்ளவத்தையைக் கடந்து தெஹிவளைக்குள் போனால் சபை மாறிவிடும். அது தெஹிவளை–கல்கிசை மாநகர சபை. வேறு இணையத்தளம், வேறு வரி இலக்கம், வேறு கவுண்டர்.

பெயரில் வரும் குழப்பம் இன்னொன்று. பிரதேச சபை வேறு, பிரதேச செயலகம் வேறு. முன்னது தெரிவுசெய்யப்பட்ட சபை. பின்னது மத்திய அரசாங்கத்தின் நிர்வாகக் கிளை. கிராம சேவகர் இந்தப் பின்னதன் கீழ் வருபவர். கொழும்பு மாநகரத்துக்குள்ளேயே கொழும்பு, திம்பிரிகஸ்யாய என்று இரண்டு பிரதேச செயலகங்கள் இருக்கின்றன.

எந்த வேலை எங்கே என்று கண்டுபிடிக்க நான் வைத்திருக்கும் வழி ஒன்றுதான்: அந்த விடயத்தின் பதிவேடு யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடு பதிவாளர் நாயகத் திணைக்களத்துடையது. அதன் பிரதிகளைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். அடையாள அட்டை ஆட்பதிவுத் திணைக்களத்துடையது. வாகன வருமான அனுமதிப்பத்திரம் மாகாண சபையுடையது. கொழும்பில் தண்ணீர் பில் வருவது தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடமிருந்து. அப்போது உள்ளூர்ச் சபையிடம் என்ன இருக்கிறது? சோலை வரி, கடைகளுக்கான வியாபார உரிமம், கட்டட வரைபட அனுமதி, உங்கள் காணியில் வீதிக்கோடு எங்கே விழுகிறது என்று காட்டும் சான்றிதழ், குப்பை, உள்வீதி, வடிகான், மயானம், நூலகம், மண்டப ஒதுக்கீடு. வீட்டு வாசலில் நடக்கிற விடயங்கள் என்று சொல்லலாம்.

எங்கே கேட்பதென்றே தெரியாவிட்டால் 1919க்கு அழையுங்கள். அரச தகவல் நிலையத்தின் அந்த இலக்கத்தில் தமிழிலும் கேட்கலாம். இணையத்தில் அரை மணி நேரம் தேடுவதைவிட அந்த ஓர் அழைப்பு பல தடவை எனக்கு உதவியிருக்கிறது.

சாப்பாட்டுக் கடையின் பலகை

இனி "ஒன்லைன் சேவை" என்ற சொல்லுக்கு வருவோம். வெள்ளவத்தையில் ஒரு சைவக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் பலகை: தோசை, இடியப்பம், பிட்டு. அந்தப் பலகையை வாசித்தால் வயிறு நிறையாது. உள்ளே போய் உட்கார்ந்து, சொல்லி, சமையலறையில் அவர்கள் செய்து, இலையில் வந்து, காசு கட்டி வெளியே வந்தால்தான் சாப்பிட்டதாகும்.

சபைகளின் ஒன்லைன் சேவையும் அப்படிப் படிப்படியாகத்தான் வளர்கிறது. முதற்படி வெறும் பலகை: கந்தோர் நேரம், கட்டணம், என்னென்ன ஆவணம் வேண்டும் என்ற தகவல். அடுத்த படியில் விண்ணப்பப் படிவத்தை இறக்கிக்கொள்ளலாம். மூன்றாம் படியில் படிவத்தை வீட்டிலிருந்தே நிரப்பி அனுப்பலாம். கடைசிப் படியில் அனுப்புவது, காசு கட்டுவது, விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது, சான்றிதழைப் பெறுவது எல்லாமே கவுண்டருக்குப் போகாமல் முடிகிறது.

இந்த நான்கையும் நாம் ஒரே சொல்லால் அழைக்கிறோம். சண்டையெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது. சபை "ஒன்லைனில் இருக்கிறது" என்கிறது, அது நினைப்பது இரண்டாம் படியை. மக்கள் நினைப்பது நான்காம் படியை.

எனக்கே நடந்தது இது. ஒரு சபையின் இணையத்தளத்தில் படிவம் இருந்தது. சந்தோஷமாக இறக்கி, பக்கத்துக் கொமியூனிகேஷனில் இருபது ரூபாய் கொடுத்துப் பிரின்ட் எடுத்து, பேனையால் நிரப்பிக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்த பெண் அதை வாங்கி, என் கண்முன்னே ஒவ்வொரு எழுத்தாகக் கணினியில் திரும்ப அடித்தார். என் பெயரில் ஓர் எழுத்தைப் பிழையாக அடித்தார். நான் கண்டதால் திருத்தினார். படிவம் கணினியில் பிறந்து, தாளில் வந்து, திரும்பக் கணினிக்குள் போயிருக்கிறது. நடுவில் அந்தத் தாளுக்கு ஒரு தேவையும் இல்லை.

இதுவரை சொன்னது இவ்வளவுதான். முதலில் பதிவேடு யாருடையது என்று பார்க்க வேண்டும். பிறகு அந்தச் சேவை எந்தப் படியில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். இணையத்தளம் இருப்பதும் சேவை இருப்பதும் ஒன்றல்ல.

பதிவேடு எப்படிக் கணினிக்குள் போகிறது

கடையின் சமையலறைதான் சபையின் பதிவேடு. உண்மையான வேலை அங்கேதான் நடக்கிறது.

முன்பெல்லாம் சபைகளில் பெரிய கொப்பிகள் இருக்கும். ஒவ்வொரு வீதிக்கும் ஒரு பகுதி, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரிசை: வீட்டு இலக்கம், உரிமையாளர் பெயர், ஆண்டுப் பெறுமதி, கட்டியது, கட்டாதது. ஆண்டுப் பெறுமதி என்றால், அந்தச் சொத்திலிருந்து வருடத்துக்கு எவ்வளவு வாடகை வரக்கூடும் என்று மதிப்பிட்ட தொகை. சோலை வரி அதன் ஒரு வீதம். இந்தக் கொப்பியைக் கணினியில் ஒழுங்காக அடுக்கி, தேடினால் உடனே கிடைக்கும்படி வைத்தால் அதைத் தரவுத்தளம் என்கிறார்கள். அதிலே பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. கட்டம் போட்ட கொப்பிதான், ஆனால் ஒரே நேரத்தில் நூறு பேர் திறந்து பார்க்கலாம்.

கொப்பியில் ஒரு மனிதரையோ வீட்டையோ எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய லிகிதருக்கு அது பிரச்சினையே இல்லை. "ஜிந்துப்பிட்டிச் செல்வராசா" என்றால் அவருக்கு ஆளைத் தெரியும். கணினிக்கு ஆளைத் தெரியாது, எழுத்தைத்தான் தெரியும். நம் பெயர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்கின்றன. செல்வராசா என்ற ஒருவர் பிறப்புச் சான்றிதழில் தமிழில் செல்வராசா, அடையாள அட்டையில் ஆங்கிலத்தில் செல்வராஜா, உறுதியில் எச் என்ற எழுத்தோடு முடியும் செல்வராஜாஹ், சபையின் பதிவேட்டில் சிங்களத்திலிருந்து திரும்ப எழுதப்பட்டு வேறொன்று. லட்சுமி, லெட்சுமி, இலட்சுமி மூன்றும் ஒரே பெண்தான் என்று நமக்குத் தெரியும். கணினிக்கு அவர்கள் மூன்று பெண்கள். தமிழில் எழுதியதைச் சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஒலியை வைத்து மாற்றும்போது ஒவ்வொரு லிகிதரும் தன் காதுக்குக் கேட்டபடி எழுதியிருக்கிறார். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சின்ன வேறுபாட்டால் ஒரு குடும்பம் சத்தியக் கடதாசி முடிக்க அலைவதைப் பார்க்கும்போது மனம் வேகிறது.

அதனால்தான் கணினிப் பதிவேடு பெயரை நம்பாமல் இலக்கத்தை நம்புகிறது. வேறு யாருக்கும் எதற்கும் கொடுக்கப்படாத இலக்கம் என்பதால் அதைத் தனித்துவ இலக்கம் என்பார்கள். சோலை வரியில் அது சொத்துக்குரிய வரி இலக்கம். ஆட்களுக்கு அடையாள அட்டை இலக்கம்.

அடையாள அட்டை இலக்கத்தைக் கொஞ்சம் கிட்டப் பார்ப்போம், சுவாரசியமானது. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும். முதல் இரண்டும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டுவார்கள். ஜனவரி முதலாம் திகதி பிறந்த ஆணுக்கு 001, பெண்ணுக்கு 501. 2016 முதல் வழங்கப்படும் அட்டைகளில் பிறந்த வருடம் நான்கு இலக்கமாக, எழுத்து இல்லாமல் மொத்தம் பன்னிரண்டு இலக்கம். பழைய அட்டை இன்னும் செல்லும் என்பதால் ஒரே ஆளுக்கு இரண்டு விதமான இலக்கம் புழக்கத்தில் இருக்கலாம். ஒன்லைன் படிவத்தில் "இலக்கம் பிழை" என்று வந்தால் பயப்பட முன்னம் இதைப் பாருங்கள். அந்தப் படிவம் ஒன்பதும் எழுத்தும் கேட்கிறதா, பன்னிரண்டு கேட்கிறதா? நிறையப் பேர் இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள்.

தமிழ் எழுத்து கணினிக்குள் படும் பாடு

தமிழர்களாகிய நாம் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

இலங்கையில் பல வருடங்களாகத் தமிழ் தட்டச்சு என்றால் பாமினி எழுத்துருதான். கந்தோர்களிலும் அச்சகங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் அதுதான். பாமினியில் "அம்மா" என்று திரையில் தெரியும்போது கணினிக்குள் சேமிக்கப்படுவது தமிழ் இல்லை. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கில விசைகள்தான். அந்த ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் உருவத்தை உடுத்திக் காட்டுகிறது எழுத்துரு. உடுப்பைக் கழற்றினால், அதாவது அந்த எழுத்துரு இல்லாத கணினிக்கு அனுப்பினால், "அம்மா" போய் ஆங்கிலக் கிறுக்கல் வந்துவிடும்.

தாளில் அச்சடிக்கும் வரைக்கும் இதில் பிரச்சினை இல்லை. பதிவேட்டுக்குள் போட்டால்தான் வினை. தேடினால் கிடைக்காது, அகரவரிசையில் அடுக்க முடியாது, போனில் தெரியாது. இதற்குத் தீர்வுதான் யுனிகோட். உலகத்திலுள்ள ஒவ்வொரு எழுத்துக்கும் நிரந்தரமாக ஓர் எண்ணைக் கொடுத்துவிடும் ஏற்பாடு அது. அகரத்துக்கென்று ஓர் எண், மகரத்துக்கென்று ஓர் எண். எந்த எழுத்துருவில் காட்டினாலும், எந்தப் போனில் திறந்தாலும் அந்த எண் மாறாது. நீங்கள் இப்போது இதை வாசிப்பதும் அதனால்தான்.

ஆக, ஒரு சபை தமிழில் சேவை தருகிறது என்றால் மேலே தமிழ்ப் பொத்தான் இருந்தால் மட்டும் போதாது. அந்தப் பொத்தானை அழுத்தினால் தலைப்பு மட்டும் தமிழாகி, படிவம் ஆங்கிலத்திலும் அறிவித்தல் சிங்களத்திலும் வந்த அனுபவம் நம்மில் பலருக்கு இருக்கும். நான் பார்ப்பது மூன்று விடயம். பெயரைத் தமிழில் அடித்தால் ஏற்கிறதா? பதில் குறுஞ்செய்தி தமிழில் வருகிறதா? பதிவேட்டுக்குள்ளேயே என் பெயர் தமிழில் இருக்கிறதா? கடைசியானது நிறைவேறினால் மேலே சொன்ன லட்சுமி, லெட்சுமிப் பிரச்சினையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

இதைக் கேட்பது சலுகை கேட்பதாகாது. 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழி. அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் அரச நிறுவனங்களோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையைச் சொல்கிறது. கவுண்டருக்கு இருக்கும் அந்தக் கடமை திரைக்கும் இருக்க வேண்டும் என்பதுதான் என் நிலைப்பாடு.

காசு எந்த வழியாகப் போகிறது

பெரியம்மாவின் வரியை நான் கட்டியபோது என்ன நடந்தது? நான் சபையின் பக்கத்தில் வரி இலக்கத்தைக் கொடுத்தேன். பதிவேடு நிலுவையைக் காட்டியது. வங்கி அட்டையால் கட்டுவதாகத் தெரிவுசெய்தேன். அந்த இடத்தில் சபையின் பக்கத்திலிருந்து நான் இன்னொரு பக்கத்துக்குப் போனேன். அதைக் கட்டண நுழைவாயில் என்பார்கள். வாங்குபவர், விற்பவர், வங்கி மூவருக்கும் நடுவில் நின்று காசைப் பாதுகாப்பாகக் கைமாற்றிவிடும் அமைப்பு அது. அது என் வங்கியைக் கேட்டது. வங்கி என் போனுக்கு ஒரு தடவை மட்டும் செல்லுபடியாகும் இரகசிய இலக்கம் அனுப்பியது. ஓடீபி என்று நாம் சொல்வது அதுதான். அதை அடித்ததும் வங்கி "சரி" என்றது, நுழைவாயில் சபைக்குச் "சரி" என்றது, சபை பற்றுச்சீட்டைக் காட்டியது.

மூன்று பேர் கைமாற்றும் வேலை இது. நடுவில் இணைப்பு விட்டுப்போனால் காசு வங்கியிலிருந்து போயிருக்கும், சபைக்குச் செய்தி வந்திருக்காது. "காசு போச்சு, ரிசீட் வரவில்லை" என்று பதறுவது இந்த நேரத்தில்தான். காசு காணாமல் போவதில்லை, நடுவில் நிற்கிறது. வங்கியின் பட்டியலையும் சபையின் பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு அதைக் கண்டுபிடிப்பார்கள். கணக்காளர்கள் இதைக் கணக்கிணக்கம் என்கிறார்கள். அப்போது உங்களிடம் கேட்கப்படுவது கொடுக்கல் வாங்கல் இலக்கம் ஒன்றுதான். ஆகவே பணம் கட்டியதும் திரையைப் படம் பிடித்து வையுங்கள். இரண்டாம் முறை உடனே அழுத்தாதீர்கள்.

கழிவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒன்லைனில் கட்டுவதால்தான் கழிவு கிடைக்கிறது என்று சிலர் நினைக்கிறார்கள். ஒரு வீட்டுக்கு வருட வரி 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முழுவதையும் ஜனவரி 31க்குள் கட்டினால் 800 கழித்து 7,200. காலாண்டாகக் கட்டினால் ஒரு தடவைக்கு 2,000. அந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் நூற்றுக்கு ஐந்து, அதாவது 100 ரூபாய் கழிவு. கவுண்டரில் கட்டினாலும் போனில் கட்டினாலும் கணக்கு இதுதான். கழிவு திகதிக்குரியது.

2025 பெப்ரவரியில் தொடங்கப்பட்ட கவ்பே பற்றியும் நிறையக் குழப்பம் இருக்கிறது. அது ஒரு புதிய வரியோ புதிய திணைக்களமோ இல்லை. ஒவ்வொரு அரச நிறுவனமும் தனித்தனியாக ஒரு நுழைவாயிலைக் கட்டுவதற்குப் பதிலாக, வங்கிகளை இணைக்கும் லங்காபே வலையமைப்பின் மேல் எல்லோருக்கும் பொதுவாக ஒரு வழி. உங்கள் வங்கிச் செயலிக்குள்ளேயே அரச நிறுவனத்தைத் தெரிவுசெய்து கட்டலாம். உள்ளூர்ச் சபைகளும் அதில் சேரலாம். ஆனால் அது காசு போகும் பாதை மட்டுமே. பாதை போட்டுவிட்டதால் சமையலறை திருந்திவிட்டது என்று அர்த்தமில்லை.

இரண்டு பதிவேடுகள் பேசிக்கொள்ளாவிட்டால்

இப்போது ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வரலாம். காசு கட்டுவது ஏன் இலகு? அதற்கு ஒரே ஒரு பதிவேடு போதும். வரி இலக்கத்துக்கு எதிரே "கட்டியது" என்று ஒரு கோடு போட்டால் வேலை முடிந்தது. யார் கட்டினாலும் சபைக்குப் பிரச்சினை இல்லை.

பெயர் மாற்றுவது அப்படியில்லை. பெரியப்பா இறந்த செய்தி பதிவாளர் நாயகத்தின் பதிவேட்டில் இருக்கிறது. வீடு பெரியம்மாவுக்கு வந்த உறுதி காணிப் பதிவகத்தின் பதிவேட்டில் இருக்கிறது. வரிக் கடிதத்தில் யார் பெயர் போடுவது என்பது சபையின் பதிவேட்டில் இருக்கிறது. மூன்றும் அரசாங்கத்துடையவைதான், ஆனால் ஒன்றுக்கொன்று தெரியாது. அந்த மூன்றுக்கும் நடுவில் செய்தி கொண்டுபோகும் தபால்காரராகப் பெரியம்மாவையே ஆக்கிவிட்டார்கள். கையில் உறைகளோடு, முழங்கால் வலியோடு, எழுபது வயதில்.

இங்கே ஒரு முக்கியமான தவறான நம்பிக்கையையும் சொல்ல வேண்டும். சோலை வரிப் பற்றுச்சீட்டில் பெயர் இருந்தால் வீடு தன்னுடையது என்று பலர் நினைக்கிறார்கள். சபையின் பதிவேடு வரி அறவிடுவதற்கானது. உரிமையைக் காட்டுவது உறுதியும் காணிப் பதிவகமும்தான். ஒன்லைனில் உங்கள் பெயர் தெரிவதால் வீடு உங்களுக்கு எழுதப்பட்டதாகாது. வீடு வாங்கும்போது இதைக் கட்டாயம் ஞாபகம் வையுங்கள்.

வெவ்வேறு நிறுவனங்களின் பதிவேடுகள், மனிதர் நடுவில் இல்லாமல், தேவையான ஒரு துண்டுத் தகவலை மட்டும் கேட்டு வாங்குவதை இயங்கு இணக்கம் என்பார்கள். "இந்த இலக்கக்காரர் உயிரோடு இருக்கிறாரா?" என்று சபையின் கணினி கேட்கும், "இல்லை, இன்ன திகதி இறந்தார்" என்று பதிவாளரின் கணினி சொல்லும். முழுப் பதிவேட்டையும் தூக்கிக் கொடுக்கத் தேவையில்லை. எஸ்தோனியா என்ற சின்ன நாடு 2001இலேயே எக்ஸ்-ரோட் என்ற பெயரில் இதற்கென்று ஒரு வழியைப் போட்டது. இலங்கையில் இதற்கான பேச்சு புதிதில்லை. 2003ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அமைந்த தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவரகம் அரச கந்தோர்களை ஒரே வலையமைப்பில் இணைக்கும் வேலையைத் தொடங்கிப் பல வருடங்கள். கம்பி இழுப்பதைவிட, ஒவ்வொரு நிறுவனத்தையும் தன் பதிவேட்டைத் திறக்கச் சம்மதிக்க வைப்பதுதான் கடினம்.

சுருக்கமாக: ஒரு பதிவேட்டோடு முடியும் வேலை சீக்கிரம் ஒன்லைனுக்கு வரும். இரண்டு மூன்று பதிவேடுகள் ஒத்துழைக்க வேண்டிய வேலை தாமதமாகத்தான் வரும். உங்கள் வேலை எந்த வகை என்று பார்த்துக்கொண்டால் தேவையில்லாத ஏமாற்றம் குறையும்.

கையெழுத்தும் சீலும் இல்லாத கடதாசி

"பிரின்ட் எடுத்துச் சீல் குத்தினால்தான் செல்லும்" என்பது நம்மிடம் ஊறிப்போன நம்பிக்கை. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம், ஓர் ஆவணம் இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அதை நிராகரிக்கக் கூடாது என்கிறது. இறுதி விருப்பாவணம், காணி விற்பனை போன்ற சிலவற்றுக்கு மட்டும் அது பொருந்தாது.

சீல் என்ன வேலை செய்கிறது? இது சபையிலிருந்துதான் வந்தது, நடுவில் யாரும் மாற்றவில்லை என்று சொல்கிறது. கியூஆர் குறியீடு அந்த வேலையை இன்னும் நன்றாகச் செய்யும். அதைப் போன் கெமராவில் பார்த்தால் சபையின் பதிவேட்டுக்கே போய் அங்கிருப்பதைக் காட்டும். சீலைக் கள்ளமாக வெட்டலாம். பதிவேட்டுக்குள் போய் எழுதுவது அவ்வளவு இலகுவில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: குறியீட்டைப் பார்த்ததும் திறக்கும் முகவரி உண்மையிலேயே அரசாங்கத்துடையதா? அரச நிறுவனங்களின் முகவரி பொதுவாக "டொட் கவ் டொட் எல்கே" என்று முடியும். வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பை அழுத்தி அட்டை இலக்கம் கொடுக்காதீர்கள்.

கொமியூனிகேஷன் கடைத் தம்பியும் நம் இரகசியங்களும்

கொழும்பில் ஒன்லைன் சேவையின் பெரும்பகுதி நடப்பது வீட்டில் இல்லை. ஆமர் வீதியிலோ கிராண்ட்பாஸிலோ ஒரு கொமியூனிகேஷனில், போட்டோ கொப்பி மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கும் தம்பியிடம். வயதானவர்கள் அடையாள அட்டையை நீட்டுகிறார்கள், அவர் படிவத்தை நிரப்புகிறார், தன் மின்னஞ்சலைக் கொடுக்கிறார், பாஸ்வேர்டைக் கடதாசித் துண்டில் எழுதித் தருகிறார். அவர்கள் இல்லாவிட்டால் பலருக்கு இந்தச் சேவைகள் எட்டவே எட்டா. அவர்களை நான் மதிக்கிறேன்.

ஆனால் அந்த இலக்கத்திலேயே உங்கள் பிறந்த நாளும் ஆணா பெண்ணா என்பதும் இருக்கிறது என்று மேலே பார்த்தோம். அட்டையின் பிரதி கடைக் கணினியில் தங்கிவிட்டால் அதோடு சேர்ந்து நிறையத் தங்கிவிடும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை இதுதான்: ஒரு தேவைக்காக வாங்கிய தகவலை அந்தத் தேவைக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும். கடையில் வேலை முடிந்ததும் "அந்தப் பைலை அழித்துவிடுங்கள் தம்பி" என்று சொல்லி, அழிப்பதைப் பார்த்துவிட்டு வாருங்கள். கணக்குக்கு உங்கள் சொந்த போன் இலக்கத்தையே கொடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருடம் வரும் ஓடீபி அந்தத் தம்பிக்குத்தான் போகும்.

இதே காரணத்துக்காகத்தான் கவுண்டரை மூடிவிட்டு எல்லாவற்றையும் திரைக்கு மாற்றும் யோசனையை நான் எதிர்க்கிறேன். போனில் கட்டக்கூடியவர்கள் கியூவிலிருந்து விலகினால், கவுண்டரில் இருப்பவருக்குப் பெரியம்மா போன்றவர்களோடு பொறுமையாகக் கதைக்க நேரம் கிடைக்க வேண்டும்.

பெரியம்மாவின் வரிக் கடிதம் பிறகு ஒரு ஜனவரியில் அவர் பெயரிலேயே வந்தது. எழுத்துப் பிழை இல்லை. அவர் அதை இரண்டாக மடித்து, பெரியப்பாவின் பெயரில் வந்த பழைய கடிதங்கள் இருக்கும் அதே பிஸ்கட் டின்னுக்குள் வைத்துவிட்டு, "31க்கு முன்னம் கட்டிவிடு மகன்" என்றார்.